வேண்டாம், ஒப்ரிகாது

ஜூன் 3, செவ்வாய்

கோமதி ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறாள். அட்டையில் மஞ்சள் நிற டிராம் ஒன்று மேட்டில் ஏறுகிறது. பயணிகளுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அவசியமான போர்த்துகீசிய வாக்கியங்கள் உள்ளே இருக்கின்றனவாம்.

கோமதி என் மருமகள். என் மகன் நெல்லையப்பன் போர்த்துகலில் போர்த்தோ நகரத்துக்கு வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாததால் நெலோ என்று கூப்பிடுகிறார்களாம். அவனும் திரும்பிப் பார்க்கிறானாம். விசா கிடைத்ததும் கோமதி அவனிடம் போய்விடுவாள். "நீங்களும் வந்து எங்ககூட இருங்கப்பா" என்று போனில் சொன்னான். "பார்க்கலாம்" என்றேன். கோமதி இது பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கோயம்புத்தூரில் முதியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றின் விளம்பரத் தாளைத் தங்கை மகன் அனுப்பியிருக்கிறான். தோட்டம், நூலகம், மருத்துவர் எல்லாம் உண்டு. வழவழப்பான நல்ல தாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு நிபந்தனை. படிக்கும் வாக்கியத்தை அன்றே உயிருள்ள ஒருவரிடம் சொல்லிப் பழக வேண்டும்.

"வீட்ல வேற யாரு இருக்கா மாமா? நீங்கதான் உயிருள்ள ஆளு," என்றாள் கோமதி.

அந்தத் தகுதி எனக்கு இருப்பதை ஒப்புக்கொண்டேன். எந்த நாளில் எந்த வாக்கியம் பழகினோம் என்று குறித்து வைப்பது முறை. அதற்குத்தான் இந்த டைரி. வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

ஜூன் 5, வியாழன்

காலையில் நான் ரயில் நிலையத்து ஊழியர். மதியம் மருந்துக் கடைக்காரர். மாலையில் வெறும் வழிப்போக்கன்.

"ஓந்த ஃபீக்கா அ ஷ்தசாவ்?" என்று கையில் துடைப்பத்தோடு வந்து கேட்டாள். ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று அர்த்தம். நான் வலது பக்கம் கை காட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் இடது பக்கம் காட்டிவிட்டேன்.

"மாமா, என்னைய பாத்ரூமுக்கு அனுப்பிட்டீங்க. ரயிலு போயிருக்கும்."

கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியதில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது எழுந்து, "சார், கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றால் அவன்மேல் எனக்கு மரியாதை வரும். எனக்கு அப்படிக் கேட்க வராது. கடையில் விலை காதில் விழாவிட்டால் பெரிய நோட்டாக நீட்டிவிட்டு, கொடுத்த மீதியை வாங்கிக்கொள்ளும் ரகம் நான். இப்படிப்பட்டவனிடம் வழி கேட்டுப் பழகினால் கோமதி என்ன ஆவாள் என்று யோசனையாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைய பாடம் நன்றி.

உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தேன். "ஒப்ரிகாதா" என்றாள். செய்தித்தாளைக் கொடுத்தேன். "ஒப்ரிகாதா." மின்விசிறியை நிறுத்தினேன். அதற்கும் ஒன்று. பதிலுக்கு நான் "தெ நாதா" என்று சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று பொருள். பகல் முழுக்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. நன்றி என்பது மேடையில், கூட்டத்தின் முடிவில், ஒலிபெருக்கி அமைத்தவருக்குச் சொல்வது. வீட்டுக்குள் சொன்னால் எதிரில் இருப்பவர் பயந்துவிடுவார், சொல்பவருக்கு உடம்புக்கு ஏதோ என்று. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆறு வருடமாகக் கோமதி கையால்தான் காபி குடிக்கிறேன். நல்ல காபி. அதை எந்த வார்த்தையில் சொல்வது?

மாலை காபி வந்ததும், பயிற்சிக்காகத்தான், "ஒப்ரிகாதா" என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். "தெ நாதா" சொல்ல மறந்துவிட்டாள். மறந்ததைக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆண்கள் சொல்ல வேண்டியது "ஒப்ரிகாது." இத்தனை காபிக்கும் நான் பெண்பிள்ளையாகவே நன்றி சொல்லி வந்திருக்கிறேன். கோமதிக்கு முதல் நாளே தெரியுமாம். "நீங்க நிறுத்திருவீங்களோன்னு சொல்லல மாமா" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

எதிர் வீட்டுக் கொரேரா வந்தார். தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போர்த்துகீசியம் படிப்பது தன்னைக் கேட்காமல் நடக்கிறது என்பதில் அவருக்கு வருத்தம்.

"எங்க பேரே போர்த்துகீசியம்லா அண்ணாச்சி. அது ரத்தத்துலயே கெடக்கு. என்ன சந்தேகம்னாலும் எங்கிட்ட கேளுங்க."

"மழை பெய்கிறது என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டேன்.

"அது எங்க தாத்தா காலத்தோட விட்டுப்போச்சு."

"பசிக்கிறது என்பதற்கு?"

"அதுவும் அவரோட போச்சு."

ஜன்னல், மேசை, சாவி, அலமாரி எல்லாமே அங்கிருந்து கப்பலில் வந்த சொற்கள் என்று புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டிருப்பதைக் காட்டினேன். கொரேரா எழுந்து போய் எங்கள் ஜன்னல் கதவைத் தன் பாட்டன் சொத்துபோல் தட்டிப் பார்த்தார். "தாழ்ப்பாளுக்கு எண்ணெ விடுங்க" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று சாப்பாட்டுக் கடை. கோமதி பரிமாறுபவர், நான் வாடிக்கையாளர். இரண்டு தோசை சாப்பிட்டிருந்தேன். மூன்றாவதைக் கொண்டுவந்து "மைஷ் உமா?" என்றாள். இன்னும் ஒன்று?

"நாவ், ஒப்ரிகாது," என்றேன். வேண்டாம், நன்றி.

நம் வழக்கப்படி சொன்னதுதான். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், தட்டின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு. அதையும் மீறிப் போட்ட பிறகு "எதுக்கும்மா" என்றபடி சாப்பிட வேண்டியது. இந்த எழுபத்தொரு வயது வரை என் வயிறு இப்படித்தான் நிறைந்திருக்கிறது. கோமதியோ தோசையைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"கோமதி, அந்தத் தோசை..."

"அங்கல்லாம் வேண்டாம்னா வேண்டாம்தானாம் மாமா. ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்களாம். புஸ்தகத்துல அடியில போட்டிருக்கு."

"அது சரி. தோசை?"

"நான் சாப்பிட்டுட்டேன்."

அடிக்குறிப்பைப் படித்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது. யோசித்தால் நல்ல ஏற்பாடாகவே படுகிறது. நேரம் மிச்சம், குழப்பமும் இல்லை. அதையே விதியாக எழுதி ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினேன்: 'பாட நேரத்தில் ஒருவர் சொன்ன சொல் அப்படியே கொள்ளப்படும். யாரும் யாரையும் இரண்டாம் முறை கேட்கக் கூடாது.' கீழே நானும் கோமதியும் கையெழுத்திட்டோம்.

பசியோடு எழுதிய விதி என்பதால் கொஞ்சம் கறாராக வந்துவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

கொரேரா வந்தார். காபி வேண்டாம் என்றார். கொடுக்கவில்லை. விதியைக் காட்டினேன். கோபித்துக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி வந்து "வேணும்" என்றார். விதி வேலை செய்கிறது.

ஜூன் 20, வெள்ளி

குற்றாலத்தில் சாரலாம். பாளையங்கோட்டைக்குக் காற்று மட்டும்தான் வருகிறது, அதுவும் சூடாக. கடைத்தெருவில் கம்பளிக் காலுறை தள்ளுபடியில் போட்டிருந்தான். இரண்டு ஜோடி வாங்கினேன். வயதான காலத்தில் எப்போதும் உபயோகப்படும். அலமாரியில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே வைத்தேன். பாஸ்போர்ட்டைப் போன மாதம் புதுப்பித்தேன். அடையாளத்துக்கு ஒன்று இருப்பது நல்லது.

ஜூன் 24, செவ்வாய்

வங்கியில் வரிசையில் நின்றேன். ஒருவர் எனக்கு முன்னால் வந்து புகுந்தார். எப்போதும்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க இருந்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, "திஷ்குல்ப!" என்றேன். மன்னிக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

கோமதியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டாள்.

"தமிழ்ல சொல்லியிருந்தா போயிருப்பாரா மாமா?"

"தமிழ்ல நான் சொல்லியிருக்க மாட்டேனே."

இதைச் சொன்ன பிறகு எனக்கே அது யோசிக்க வேண்டியதாக இருந்தது. தமிழில் எனக்கு எல்லாச் சொல்லும் தெரியும். ஒவ்வொன்றும் எங்கே போய்ப் படும் என்றும் தெரியும். அதனாலேயே பாதியை விழுங்கிவிடுகிறேன். போர்த்துகீசியத்தில் கைவசம் இருப்பதே நூறு வாக்கியம். விழுங்குவதற்கு மிச்சமில்லை.

இந்த மூன்று வாரத்தில் கோமதியோடு பேசியது போல முன்பு பேசியதில்லை. இது பாடத்தைப் பற்றிய குறிப்பு இல்லை. அடித்துவிடலாம். இருக்கட்டும்.

ஜூன் 28, சனி

பாடம்: அழைப்புகளும் பதில்களும். கோமதி அழைக்க வேண்டும், நான் மறுத்துப் பழக வேண்டும்.

நடனமாட வருகிறீர்களா? நாவ், ஒப்ரிகாது. கடற்கரைக்கு? நாவ், ஒப்ரிகாது. சினிமாவுக்கு? நாவ், ஒப்ரிகாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடனத்துக்கு நான் மறுத்தபோது "நல்லவேளை மாமா" என்றாள்.

பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்:

"கேர் வீர் கொமீகு?"

என்னோடு வருகிறீர்களா?

"நாவ், ஒப்ரிகாது," என்றேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

"சரி மாமா," என்றாள். தமிழில். எழுந்து மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

துணி காயப்போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நடனம் இருக்கிறது. கடற்கரை, சினிமா இருக்கின்றன. அந்தக் கேள்வி அந்தப் பக்கத்தில் இல்லை. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் தேடினேன். அவளாகச் சேர்த்து அமைத்திருக்கிறாள். பிழையில்லாத வாக்கியம்.

ஜூன் 29, ஞாயிறு

கோமதிக்குத் தலைவலி. பாடம் இல்லை. காபியில் சர்க்கரை இல்லை. அப்படியே குடித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

நெல்லையப்பன் பேசினான். சென்னையில் விசா அலுவலகத்துக்கு நேரில் போக நாள் வாங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பதிவு செய்யப்போகிறான்.

"கோமதிக்கு மட்டும் போடுதேம்ப்பா. உங்களுக்கு இஷ்டமில்லைன்னு அவ சொன்னா."

"சரி," என்றேன்.

"நெசமாவே சரிதானப்பா?"

என் பிள்ளை அவன். இன்னொரு தடவை கேட்டிருந்தால்கூடப் போதும். அதற்குள் அவனை யாரோ "நெலோ" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

கோயம்புத்தூர்த் தாளை எடுத்துப் படித்தேன். தோட்டத்தில் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொருவர்தான்.

ஜூலை 3, வியாழன்

கொரேரா வந்து, கேட்காமலே "காபி வேணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோமதி கோயிலுக்குப் போயிருந்தாள். நானே போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன குறை வச்சா?"

"ஒரு குறையும் இல்லையே."

"பொறவு ஏன் அதுகூடப் போவ மாட்டேங்கிறீங்க? எங்க வீட்ல உக்காந்து அழுதுட்டுப் போச்சு. 'ஆறு வருசமா மாமா என்னைய நல்லவன்னு நெனைக்காங்களா, கெட்டவன்னு நெனைக்காங்களா தெரியல ஆன்ட்டி. இந்தப் புஸ்தகம் வந்த பொறவுதான் நாலு வார்த்த பேசுனாங்க. அந்தத் தைரியத்துலதான் கேட்டேன். பட்டுன்னு வேண்டாம்னுட்டாங்க'ன்னு எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லிருக்கு."

"அது முதல் வேண்டாம்," என்றேன்.

"என்னது?"

"முதல் தடவை சொல்கிற வேண்டாம். அவள் இன்னொரு தடவை கேட்டிருந்தால்..."

"எப்பிடிக் கேப்பா? ஃபிரிட்ஜு மேல என்ன எழுதி ஒட்டிருக்கு? அன்னைக்கு என்னையவே வாசல் வரைக்கும் அனுப்புனீங்களே."

அவர் தள்ளி வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

ஜூலை 4, வெள்ளி

முறையாக அணுகலாம் என்று புத்தகத்தை முதலிலிருந்து தேடினேன். அவசர உதவி என்ற பகுதியில் நிறைய இருக்கிறது. வழி தவறிவிட்டேன். என் பையைக் காணோம். தீப்பிடித்திருக்கிறது. மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்பார்கள் என்று உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியமும் இல்லை. அங்கே யாருக்கும் அந்த அவசரம் வருவதில்லை போலிருக்கிறது.

தமிழிலேயே சொல்லிவிடுவது என்று அடுக்களைக்குப் போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். மறுபடி தண்ணீர்.

"சுகர் செக் பண்ணுவோமா மாமா?" என்று கோமதி கேட்டாள்.

ஜூலை 5, சனி

என்ன சொல்வது? 'நானும் வருகிறேன்' என்றால், அழைப்பை மறுத்துவிட்டுத் தானாக ஏறிக்கொள்வது போல் ஆகும். அவள் மனதுக்குள் இப்போது வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். சின்ன வீடு என்றுதான் நெல்லையப்பன் சொன்னான். 'நீ நல்லவள்' என்றால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

மாலையில் சும்மா முதல் பாடத்தைப் புரட்டினேன். வணக்கம், நன்றிக்கு அடுத்தபடி, புரியாதபோது சொல்ல வேண்டியவை. அதை நாங்கள் பழகவேயில்லை. நான் சொல்வது புரியவில்லை என்று கோமதி சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அங்கே இருந்தது.

நாளை மதியத்துக்குள் சொல்ல வேண்டும். கடைசி பெஞ்சுப் பையன்கள் எப்படித்தான் எழுந்து நின்றார்களோ.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கோமதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் போய் நின்றேன். நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"போத ரெப்பெத்தீர், பூர் ஃபவோர்?"

குரல் மூன்றாவது பெஞ்சுக்குக்கூடப் போகவில்லை. தண்ணீருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று செம்பை நகர்த்தி வைத்தாள். கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"போத ரெப்பெத்தீர், பூர் ஃபவோர்?"

தயவுசெய்து இன்னொரு முறை சொல்ல முடியுமா?

"எதை மாமா?"

"போன சனிக்கிழமை கேட்டியே. கடைசியா ஒண்ணு. அது எனக்குச் சரியாக் கேக்கல."

நன்றாகவே கேட்டிருந்தது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கோமதி கத்தியைக் கீழே வைத்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவ கேக்கக் கூடாதுன்னு இருக்கே மாமா."

"அது பாட நேரத்துக்கு. இப்பப் பாட நேரம் இல்ல."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எழுதுனவன் நான்தானே. எழுதுனவனுக்கு அன்னைக்குப் பசி."

அவள் சிரிக்கவில்லை. ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தாள். இன்னொன்றை எடுத்து ஒடித்தாள். எனக்கு அந்தக் காய் முழுவதும் தீர்ந்துபோகும் என்று தோன்றியது. அப்புறம், தட்டைப் பார்த்தபடியே, "கேர் வீர் கொமீகு?" என்றாள். உச்சரிப்பு அன்றைக்குப் போல இல்லை, இடையில் தடுக்கியது. திருத்தவில்லை.

"சீங்," என்றேன். ஆமாம். புத்தகத்தில் அதைவிடச் சின்னச் சொல் இல்லை. போதாதோ என்று "வாறேம்மா" என்றும் சொன்னேன்.

"எனக்காகச் சொல்லுதீங்களா மாமா?"

"எனக்காகத்தான். அந்த ஊர்ல யாரு எனக்கு இப்படிக் காபி போட்டுத் தருவா... இல்ல, கோயம்புத்தூர்ல. யாரு தருவா?" வாக்கியம் எங்கோ போய்விட்டது. தண்ணீர்ச் செம்பைத் தேடினேன்.

"அலமாரியில கம்பளி சாக்ஸ் பாத்தேன் மாமா," என்றாள் கோமதி. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "கோயம்புத்தூர் அவ்வளவு குளிருமான்னு நெனச்சேன்."

"தள்ளுபடி," என்றேன்.

"ரெண்டு ஜோடி?"

"பெரிய தள்ளுபடி."

அதற்குச் சிரித்தாள். போனை எடுத்து நெல்லையப்பனுக்கு அடித்தாள். அங்கே அப்போது விடிந்திருக்கக்கூட இல்லை. "ரெண்டு பேருக்குப் போடுங்க," என்றாள். அவன் என்னவோ கேட்டான். "நான் ஒண்ணும் பண்ணல. மாமாதான் சந்தேகம் கேட்டாங்க," என்றாள்.

போகும்போது "ஒப்ரிகாது" என்றேன்.

"தெ நாதா, மாமா."

இந்த முறை மறக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

விசா அலுவலகத்தில் ஒரே நாளில் இருவருக்கும் நேரம் கிடைத்துவிட்டது. சென்னைக்கு ரயிலில் போகிறோம். கொரேரா வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வருவாராம், ஒரு வார்த்தை போர்த்துகீசியத்தில் சொல்லித்தான் அனுப்புவாராம். என்ன வார்த்தை என்று எங்களிடமே கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

விதி எழுதிய தாளைக் காணவில்லை. ஃபிரிட்ஜின் மேல் பசையின் தடம் மட்டும் இருக்கிறது. கேட்கவில்லை.

இரவு தோசை. இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதைக் கொண்டுவந்தாள். "நாவ், ஒப்ரிகாது," என்றேன். தட்டின் குறுக்கே கையை வைத்தேன். கையை நகர்த்திவிட்டுப் போட்டாள்.